பத்தூல் பழுக்க வைத்த கல்

பத்தூல் எதையாவது உற்றுப் பார்த்து, "இது எதை மாதிரி இருக்கு தெரியுமா?" என்று தொடங்கினால், அந்தப் பொருளுக்குச் சொந்தக்காரர் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தப் பார்ப்பார். சூடானில் நைல் கரையில் வாழும் எங்கள் ருபாதாப் மக்களுக்கு அப்படி ஒரு பெயர் உண்டு. எங்களில் வாய்த்துடுக்கு உள்ள ஒருவர் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சொல்லி, கேட்டவர்கள் சிரித்துவிட்டால், அந்தப் பொருள் உருப்படாது என்பார்கள். நீங்களே அதை நம்புகிறீர்களா என்று கேட்டால் நாங்கள் நேராகப் பதில் சொல்ல மாட்டோம். ஆனால் புதுப் பானை வாங்கிக்கொண்டு வரும்போது எதிரே பத்தூல் வந்தால் தெரு மாறிவிடுவோம்.

ஒருமுறை அபு ஹமத் ஊரிலிருந்து புதிய தண்ணீர் லாரி ஒன்று சந்தைக்கு வந்தது. மேட்டிலும் பள்ளத்திலும் அசைந்து அசைந்து அது வந்ததைப் பார்த்துவிட்டுப் பத்தூல், "ஒரே நாள்ல மூணு கல்யாண வீட்டுல சாப்பிட்ட மாமா மாதிரி வருதே!" என்றாள். எல்லாரும் சிரித்தோம். லாரி நிற்பதற்குள் பின்பக்கத்துக் குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் முழுவதும் மணலில் போனது. ஓட்டுநர் இறங்கி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு, "தண்ணி வேணும்னா கேட்டிருக்கலாமே அக்கா, குடுத்திருப்பேனே!" என்றார்.

அது ஆலைச் சந்தை. அபு ஹமதுக்கு வடக்கே, பாலைவனத்தில் லாரிக்கு இரண்டு மணி நேரம். நாற்பது ஆலைகள் இருந்தன. ஒவ்வோர் ஆலையும் ஒரு இரும்புத் தொட்டி. அதற்குள் இரண்டு இரும்புச் சக்கரங்கள் தண்ணீரோடு கல்லை அரைத்துக்கொண்டே சுற்றும். விடியற்காலையில் டீசல் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக இருமி எழும்பும் சத்தத்தை நான் பிறகு வாழ்ந்த எந்த ஊரிலும் கேட்டதில்லை. ஜித்தாவில் அதிகாலையில் கண் விழித்து, ஏன் இவ்வளவு அமைதி என்று பயந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு ஜெனரேட்டரும் பலகையும் வைத்துக்கொண்டு, சுரங்க ஆட்களின் செல்போன்களுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுக்கும் கடை நடத்தினேன். என் பலகைக்கு ஒட்டினாற்போல் பத்தூலின் கொட்டகை. அவள் கிஸ்ரா சுடுவாள். புளித்த சோளமாவைச் சூடான இரும்புக் கல்லின் நடுவில் ஊற்றி, பனையோலைத் துண்டால் ஒரே இழுப்பு. காகிதம் போல் கிஸ்ரா கிளம்பும். காய்ந்த வெண்டைக்காய்ப் பொடி போட்ட குழம்பு எப்போதும் பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும். சந்தை முழுவதும் டீசலும் தூசியும் நாறும். அந்த நான்கு கஜ தூரத்தில் மட்டும் வீட்டு வாசனை வரும். அதற்காகவே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவள் அவர்களிடம் ஒன்றும் கேட்க மாட்டாள், கேலியைத் தவிர.

நைல் நடுவே ஒரு தீவில் பிறந்தவள். பதினேழு வயதில் அபு ஹமதில் ரயில்வே வேலை பார்த்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ரயில் ஓடுவது குறைந்ததும் அவர் லிபியாவுக்குப் போனார். அங்கிருந்து முதல் வருடம் துணி வந்தது, இரண்டாம் வருடம் கடிதம் வந்தது, மூன்றாம் வருடம் விவாகரத்துக் காகிதம் வந்தது. "ஒவ்வொரு வருஷமும் எடை குறைச்சலாத்தான் அனுப்பினாரு" என்பாள். பாலைவனத்தில் தங்கம் கிடைக்கிறது என்ற பேச்சு வந்ததும், கிஸ்ராக் கல்லைச் சணல் சாக்கில் சுற்றி லாரியில் ஏறிவிட்டாள். சந்தையில் முதலில் கொட்டகை போட்ட பெண் அவள்தான். நான்கு கம்புகளையும் அவளே குழி தோண்டி நட்டாள். மகள் நஜ்வா அத்பராவில் செவிலியர் படிப்பு படித்துக்கொண்டிருந்தது அந்தக் கொட்டகையை வைத்துத்தான்.

அந்தக் காலத்தில் கல்லில் ரகம் பார்ப்பது என்பதே எங்களுக்குத் தெரியாது. கிணறு என்று நாங்கள் சொல்லும் சுரங்கக் குழியிலிருந்து கல் வரும், சிவப்பாக, துருப்பிடித்தது போல இருக்கும், ஆலையில் போடுவார்கள். தொட்டியின் அடியில் பாதரசம் கிடக்கும். அரைபட்ட கல்லிலிருந்து தங்கம் பாதரசத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைத் துணியில் பிழிந்து, நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகித் தங்கம் மிஞ்சும். எந்தக் கிணற்றுக் கல்லாக இருந்தாலும் அதே வழிதான். அரைத்து மிஞ்சிய சேற்றுக்குக் கர்த்தா என்று பெயர். அதைத் தைஃபூர் என்ற ஒரு வியாபாரி லாரியில் அள்ளிக்கொண்டு போய், தொலைவில் எங்கோ பெரிய தொட்டிகளில் சயனைடு மருந்தில் ஊறவைப்பதாகச் சொன்னார்கள். நாங்கள் அவனைப் பார்த்துச் சிரிப்போம். சேற்றை விலை கொடுத்து வாங்குகிற மனிதன்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தஃபல்லாவின் லாரி வந்தது. தஃபல்லா கொர்தோஃபான் பக்கத்துக்காரர். பதினோரு பேர் கொண்ட குழுவின் தலைவர். பதினான்கு மாதமாக ஒரே கிணற்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேலே வந்த சிவப்புக் கல் சுமாராகக் கொடுத்தது. இன்னும் கீழே போனால் தங்க நரம்பு தடிக்கும் என்று போனார்கள். தடித்தது. அறுபது மூட்டைக் கல் கொண்டுவந்திருந்தார்கள். அது சிவப்பு இல்லை. சாம்பல் நிறம், உடைந்த முகமெல்லாம் மஞ்சளாகப் பளபளவென்றிருந்தது. மூட்டையை இறக்கும்போது ஒன்று கிழிந்து வெயிலில் கொட்டியது. சந்தையே கூடிவிட்டது.

பத்தூல் மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். நான் அவள் சுற்றியிருந்த தோப் என்ற நீளச் சேலையின் முனையைப் பிடித்து இழுத்தேன். பயனில்லை.

"அடேங்கப்பா! மாமியார் வர்றான்னு தெரிஞ்சதும் அஞ்சு விரலுக்கும் மோதிரம் போட்டுக்கிட்ட மருமக மாதிரி மினுக்குதே!"

எல்லாரும் சிரித்தார்கள். தஃபல்லா மட்டும் சிரிக்கவில்லை. மூட்டையின் மேல் சட்டென்று தன் தலைப்பாகையை அவிழ்த்துப் போட்டு மூடினார்.

பாபிகிரின் ஆலையில் முதல் பத்து மூட்டையைப் போட்டார்கள். பாபிகிர் சந்தையில் பெரிய ஆலைக்காரர்; சந்தை விவகாரங்களில் கடைசி வார்த்தை அவருடையது. அன்று மாலை தொட்டியைத் திறந்தார்கள். பாதரசம் வழக்கமாகக் கண்ணாடி போல் ஒரே குட்டையாகத் திரண்டு கிடக்கும். அன்று அது கறுத்து, கடுகு கடுகாகச் சிதறி, ஒன்றோடொன்று சேராமல் சேற்றோடு ஓடியது. கையில் தேறியதைப் பிழிந்து சுட்டால் ஒன்றுமில்லை.

யாரும் கல்லைப் பற்றிப் பேசவில்லை. எல்லாரும் பத்தூலின் கொட்டகையைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை தஃபல்லா ஒரு வாளித் தண்ணீரோடு வந்து நின்றார். கண் பட்டால் கண் வைத்தவர் கைகால் முகம் கழுவிய தண்ணீரைப் பட்ட பொருளின் மேல் ஊற்ற வேண்டும். அது பழைய வழக்கம்.

"அக்கா, கோவிச்சுக்காத. இதுல கொஞ்சம் மூஞ்சி கைகாலைக் கழுவிக் குடு."

"நான் சொன்னது கல்லைப் பத்திடா, உன்னைப் பத்தி இல்லையே."

"கல்லுதான் அக்கா நான். பதினாலு மாசம்."

பத்தூல் வாளியை வாங்கிக் கழுவிக் கொடுத்தாள். அந்தத் தண்ணீரை அடுத்த பத்து மூட்டையின் மேல் தெளித்தார்கள். ஓர் ஆட்டையும் அறுத்தார்கள். மீண்டும் ஆலையில் போட்டார்கள். பாதரசம் முன்னைவிட மோசமாகக் கறுத்தது. இப்படித்தான் இருபது மூட்டை போயிற்று. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் முதல் பத்திலேயே கல்லைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். நாங்கள் பத்தூலைச் சந்தேகப்பட்டோம். பொய் சொல்லி என்ன பயன், நானும்தான் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். தண்ணீர் லாரியை நேரில் பார்த்தவளாயிற்றே.

அன்று மாலை பாபிகிர் வந்தார். உட்காரவில்லை.

"பத்தூல், வெள்ளிக்கிழமை தொழுகைக்குள்ள கொட்டகையைப் பிரிச்சுடு. லாரி நான் ஏற்பாடு பண்றேன்."

"எதுக்கு?"

"நீ இருக்கிற வரைக்கும் மிச்ச நாப்பது மூட்டையை அரைக்க மாட்டேங்கிறான் தஃபல்லா. மத்த குழுக்காரங்களும் கல்லை வேற சந்தைக்குக் கொண்டுபோறோம்ங்கிறாங்க. நான் என்ன செய்யட்டும்?"

"என் வாயைத் தச்சுக்கிறேன்னு சொன்னா?"

"உன் வாயையா? ஊசி உடைஞ்சிடும்."

அவர் போன பிறகு பத்தூல் நெடுநேரம் மாவைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். அபு ஹமதில் அவளுக்கு வீடு இல்லை. தீவில் அண்ணன்கள் இருந்தார்கள். அங்கே போனால் நஜ்வா படிப்பை விட்டுவிட்டு வர வேண்டியதுதான். அதை அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அன்று இரண்டு பேர் மட்டுமே சாப்பிட வந்தார்கள். அவர்களும் தட்டை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை தைஃபூர் கர்த்தா அள்ள வந்தான். பாபிகிரின் ஆலைக்குப் பின்னால் கிடந்த சாம்பல் சேற்றை அவன் ஆட்கள் அவசர அவசரமாக வாரினார்கள். பத்தூல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய் தைஃபூர், அது என் கண்ணு பட்ட கல்லுடா. தெரியுமா?"

"தெரியும் அக்கா."

"பின்னே எதுக்கு மத்த சேத்தையெல்லாம் விட்டுட்டு அதை முதல்ல அள்ளுற?"

தைஃபூர் சிரித்தான். "மண்ணு மண்ணுதானே அக்கா" என்றான். ஆனால் அவன் காது சிவந்ததை நான் பார்த்தேன். பத்தூல் என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லாத சேத்துக்கு இவ்வளவு வேகமா மம்பட்டி போடுவானாடி ஒருத்தன்?"

அதற்கு முந்திய நாள், அவள் அடுப்பின் மூன்று கல்லில் ஒன்று வெடித்துவிட்டதால், லாரியிலிருந்து சிந்திய சாம்பல் கல் ஒன்றைத் தூக்கி அந்த இடத்தில் வைத்திருந்தாள். அன்று முழுவதும் அடுப்பிலிருந்து தீக்குச்சி உரசினாற்போல் ஒரு நாற்றம். விறகில்தான் ஏதோ இருக்கிறது என்று திட்டிக்கொண்டிருந்தாள். தைஃபூர் போன பிறகு சாம்பலை ஒதுக்க உட்கார்ந்தவள், கையை அப்படியே நிறுத்தினாள். நெருப்புப் பக்கம் இருந்த கல்லின் முகம் சிவந்து, பொரபொரவென்று ஆகியிருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. மறுபக்கம் இன்னும் சாம்பல்.

"இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டாள். "இந்தச் சிவப்பை எங்கேயாவது பார்த்திருக்கியா?"

"போன வருஷம் தஃபல்லா கொண்டுவந்தாரே, மேல் கல்லு. அது மாதிரி இருக்கு."

"மாதிரி இல்லடி. அதேதான்." அவள் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேல இருந்தது வெயில்லயும் மழையிலயும் கிடந்து கிடந்து பழுத்துப் போச்சு. கீழ இருந்தது இன்னும் காய். காயை ஆலையில போட்டா எப்படிக் குடுக்கும்? நெருப்பு ஒரே நாள்ல பழுக்க வைக்குது பாரு."

"நிஜமாவா அக்கா? தங்கம் வருமா?"

"எனக்கென்ன தெரியும்? கிஸ்ரா சுடுறவ நான்."

புதன்கிழமை காலை அவள் மாவு ஊற்றவில்லை. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திக் கிடந்த கல்லை முந்தின நாளே கூடையில் பொறுக்கி வைத்திருந்தாள். அதைக் காப்பி இடிக்கும் உரலில் போட்டு, நானும் அவளுமாக மாவு போல் இடித்தோம். பாதியைத் தனியாக எடுத்து வைத்தாள். மீதிப் பாதியைத் தன் கிஸ்ராக் கல்லில் பரப்பினாள்.

"அக்கா, இது ஒண்ணுதானே இருக்கு? அப்புறம் கிஸ்ரா?"

"வெள்ளிக்கிழமைக்கு மேல யாருக்குடி சுடப்போறேன்?"

விறகை அள்ளி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் புகை கிளம்பியது. அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? ஆயிரம் தீக்குச்சியை ஒரே நேரத்தில் மூக்குக்குக் கீழே உரசினாற்போல் இருந்தது. கண் எரிந்தது. பத்தூல் தோப் சேலையை மூக்கின் மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்று, இரும்புக் கரண்டியால் புரட்டிக்கொண்டே இருந்தாள். எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இருமிக்கொண்டே ஆட்கள் வந்தார்கள்.

"என்னடி சூனியம் வைக்கிற?" என்று கத்திக்கொண்டே வந்தார் பாபிகிர்.

"குழம்பு வைக்கிறேன். உட்காருங்க, ஆறட்டும்."

தஃபல்லா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். கிஸ்ராக் கல்லில் தன் கல் கிடப்பதைப் பார்த்து முகம் வெளுத்தார். "அதை விடு அக்கா! இன்னும் என்ன பண்ணப் போற அதை?"

"தஃபல்லா, உன் இருபது மூட்டையை நீ அழிச்ச. ஒரு கூடையை நான் அழிக்கக் கூடாதா? நாத்தம் நிக்கட்டும். அதுக்கப்புறமும் ஒண்ணும் வரலன்னா, வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்னைக்கே லாரி ஏறுறேன்."

அவர் உட்கார்ந்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். நடுப்பகலில் நாற்றம் குறைந்தது. பிறகு நின்றே போனது. கல்லின் மேல் கிடந்த தூள் செங்கல் நிறத்தில் இருந்தது. சாம்பல் ஒரு சிட்டிகைகூட இல்லை. கூட்டத்தில் யாரோ, "மேல் கல்லு மாதிரியே இருக்கே" என்று முணுமுணுத்தார்கள்.

பத்தூல் இரண்டு கிண்ணங்களை எடுத்தாள். ஒன்றில் சுடாத தூள், இன்னொன்றில் சுட்ட தூள். தண்ணீர் ஊற்றினாள். பாபிகிரிடம் கை நீட்டினாள். "ரெண்டு சொட்டு பாதரசம் குடுங்க. ஒரே அளவா." அவர் சட்டைப் பையிலிருந்த குப்பியைத் திறந்து இரண்டிலும் விட்டார். வெண்டைக்காய்க் குழம்பு கடையும் மத்தால் முதல் கிண்ணத்தைக் கடைந்தாள். பிறகு மத்தைக் கழுவி இரண்டாவதில் விட்டாள்.

முதல் கிண்ணத்துச் சேற்றை வடித்தபோது பாதரசம் கறுப்புக் கடுகாய்ச் சிதறிக் கிடந்தது. தஃபல்லா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது கிண்ணத்தை மெல்லச் சுழற்றிச் சுழற்றி வடித்தாள். சிவப்புத் தண்ணீர் போயிற்று, செம்மண் போயிற்று. அடியில் ஒரே ஒரு உருண்டை, வெள்ளி போல், முழுசாக. அதைத் துணியில் போட்டுப் பிழிந்தாள். துணிக்குள் ஏதோ நின்றது. காப்பிக் கரண்டியில் வைத்து, எல்லாரையும் விலகச் சொல்லி, காற்றுப் போகும் பக்கமாக நீட்டி நெருப்பில் காட்டினாள்.

எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. மஞ்சள்.

சந்தையில் ஒரு எஞ்சினும் ஓடவில்லை. தஃபல்லா அந்தக் கரண்டியை வாங்கி, வெயிலில் பிடித்து, நிழலில் பிடித்து, மீண்டும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு கரண்டியைத் திருப்பிக் கொடுக்காமலே, அன்றும் சேறு அள்ள வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தைஃபூரிடம் போனார்.

"உனக்குத் தெரியுமாடா இது?"

"சுட்டா வரும்னு சொல்வாங்க அண்ணே" என்று தைஃபூர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சுடாம எங்க தொட்டியில போட்டாலும் கொஞ்சம் வரும். முழுசா வராது. மருந்தும் நிறையக் குடிக்கும். நீங்க கேக்கல, நான் சொல்லல."

அவனை அடிக்கப் போனவர்களைப் பத்தூல்தான் தடுத்தாள். "விடுங்கடா. ஒரு வாளித் தண்ணி குடுங்க அவனுக்கு, மூஞ்சி கழுவட்டும்" என்றாள். அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாகச் சந்தை சிரித்தது.

மிச்சம் நாற்பது மூட்டையை என்ன செய்வது என்று அன்று மாலை வரை பேசினார்கள். அப்படியே ஆலையில் போடுவதில்லை என்பது முடிவு. சந்தையிலிருந்து வெகுதூரம், காற்று மனிதர் பக்கம் வராத இடத்தில், குழி வெட்டி விறகு அடுக்கிச் சுடுவது. சுட்டதை ஆலையில் போட்டுப் பெரிய தங்கத் துகள்களைப் பாதரசத்தில் பிடிப்பது. மிஞ்சும் கர்த்தாவை விற்காமல், அதில் கரைந்து வரும் பொடித் தங்கத்துக்குப் பங்கு பேசி, தைஃபூரின் தொட்டிக்கு அனுப்புவது. அப்படியே நடந்தது. யாரும் பணக்காரர் ஆகவில்லை. பதினோரு பேரும் பதினான்கு மாதம் கழித்து வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை வந்தது. பாபிகிர் வியாழக்கிழமையே வந்து, "கொட்டகை இருக்கட்டும் பத்தூல்" என்று சொல்லிவிட்டார். பத்தூல் ஒத்துக்கொள்ளவில்லை.

"இருக்கட்டும்னு நீங்க சொன்னாப் போதாது. நான் போகணும்னு அடம் பிடிச்சது யாரோ அவன் சொல்லணும். தொழுகை முடிஞ்சதும் தஃபல்லா இங்க வந்து உட்கார்ந்து சாப்பிடணும். எல்லார் முன்னாடியும் அவன் எதை மாதிரி இருக்கான்னு நான் சொல்வேன். அவன் எழுந்து ஓடாம கேக்கணும். இல்லன்னா நானே பிரிச்சுக்கிட்டுப் போறேன்."

கிஸ்ராக் கல் நாறியதால் அன்று ரொட்டி வெளியிலிருந்து வாங்கினாள். குழம்பு அவளுடையது. தஃபல்லா வெள்ளை ஜலாபியா அங்கி போட்டு வந்தார். கழுத்தில் புதிதாக இரண்டு தாயத்துகள் தொங்கின. பாயில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே ஒளித்துக்கொண்டார், கைகளையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது போல. உதடு என்னவோ ஓதிக்கொண்டிருந்தது. சந்தையே சுற்றி நின்றது. பத்தூலின் பார்வை நேராகத் தன்மேல் விழாதபடி ஒவ்வொருவரும் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால்.

பத்தூல் எதிரே உட்கார்ந்து அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். அவசரப்படவே இல்லை.

"தஃபல்லா, நீ எதை மாதிரி இருக்க தெரியுமா?"

"சொல்லு அக்கா. சீக்கிரம் சொல்லித் தொலை."

"மாவு புளிக்கிறதுக்கு முன்னாடியே கல்லுல ஊத்திட்டு, பிஞ்சு பிஞ்சு வருதேன்னு அடுப்பை உதைக்கிற புதுப்பொண்ணு மாதிரி இருக்க!"

தஃபல்லாதான் முதலில் சிரித்தார். தோள் குலுங்கியது, தாயத்துகள் ஆடின, கண்ணில் தண்ணீர் வந்தது. "அக்கா, அக்கா" என்று சொல்லிக்கொண்டே, ஒளித்து வைத்திருந்த கையை எடுத்து ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார். "இருந்துக்க அக்கா, இங்கேயே இருந்துக்க." இரண்டு தட்டு சாப்பிட்டார். எழுந்து போகும்போது வலது செருப்பின் வார் பட்டென்று அறுந்தது. அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "செருப்போட போச்சுடா! அல்லாஹ்வுக்கு நன்றி!" என்று கத்தினார். வெறுங்காலோடு மணலில் நடந்து போனார், மகிழ்ச்சியாக.

அதற்குப் பிறகு புதிய கிணற்றுக் கல் எது வந்தாலும் முதலில் பத்தூலிடம்தான் வரும். இடிப்பாள், பாதியைச் சுடுவாள், முகர்வாள், கடைவாள். சுடுவதற்குத் தனியாக ஒரு பழைய தகரம்; தஃபல்லா அவளுக்குப் புதுக் கிஸ்ராக் கல் வாங்கிக் கொடுத்திருந்தார். கடைசியில் தீர்ப்புச் சொல்வாள். வேறு எப்படிச் சொல்வாள்? அவளுக்குத் தெரிந்த மொழியில்தான்.

சிவந்து, தங்கம் பொடியாய்த் தெரியும் கல் வந்தால்: "இது கிணத்தடியில நிக்கிற பக்கத்து வீட்டுக்காரி. கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிடுவா. நேரா ஆலைக்குக் கொண்டுபோ."

சாம்பல் கல்லுக்கு: "பிறந்த வீட்டுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனவ. சூடு காட்டாம வாய் திறக்க மாட்டா."

சிவப்புதான், ஆனால் பாதரசத்தில் ஒன்றும் ஒட்டாத மெல்லிய தூள் தங்கம் என்றால்: "இது வெக்கப்படுற மாப்பிள்ளை. தொட்டியில ஊறப் போடு, மெல்ல மெல்லக் கரையட்டும்."

பச்சைப் படிவு உள்ள செம்புக் கல்லைக் கண்டால் தைஃபூரை எச்சரிப்பாள். "தொட்டியில போட்டுடாதடா. ஓசிச் சாப்பாட்டுக்காரன் இவன். நீ எவ்வளவு மருந்து ஊத்தினாலும் குடிச்சுட்டு ஏப்பம்தான் விடுவான்." ஒருமுறை ஒரு கல் சூட்டில் பூண்டு போல் மணத்தது. அதைக் கரண்டியோடு தூக்கித் தூர எறிந்தாள். அதற்கு மட்டும் அவள் ஒப்புமை எதுவும் சொல்லவில்லை. "கிட்டப் போகாதீங்க, விஷம்" என்றாள். அந்தக் குழு அந்தக் கிணற்றை மூடிவிட்டு வேறிடம் போயிற்று.

ஒப்புமைக்குக் கல் கெடும் என்ற பயம் என்னவாயிற்று என்று கேட்கலாம். போகவில்லை. கல்லுக்குச் சொன்னால் மட்டும் நல்லது என்று ஆகிவிட்டது. லாரிக்கும் ஆட்டுக்கும் எஞ்சினுக்கும் பழைய பயமே. நியாயம் கேட்டால் சிரிப்பார்கள்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். போர்ட் சூடான், ஜித்தா, கம்பாலா, மீண்டும் ஜித்தா. எட்டு வருடம். எந்த ஊரிலும் ஒரே அறையில் ஒரு வருடத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. போன மாதம் அபு ஹமதில் இறங்கி, ஒரு பிக்கப் வண்டியைப் பிடித்து நேராகச் சந்தைக்குப் போனேன். சந்தை இல்லை. ஆலைகள் நின்ற இடங்களில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள். எங்கள் பக்கத்தில் நான்கு கம்புக் குழிகள் மணல் பாதி மூடிக் கிடந்தன. காற்று மட்டும் அதே பக்கமிருந்து வீசியது. அதில் டீசலும் இல்லை, வெண்டைக்காயும் இல்லை. ஓட்டுநர் ஹார்ன் அடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.

திரும்பி வந்து அபு ஹமத் கடைத்தெருவில் பாபிகிரைக் கண்டுபிடித்தேன். தாடி முழுக்க வெள்ளை. ஆலைகளை இன்னும் உள்ளே, பாலைவனத்தில் நான்கு மணி நேரத் தொலைவுக்கு மாற்றச் சொல்லி மூன்று வருடம் முன்பே உத்தரவு வந்ததாம்.

"பத்தூல் அக்கா?"

"அவ இல்லாமயா? அவ வரலன்னா எங்க கல்ல யாரு பார்ப்பான்னு தஃபல்லா தகராறு பண்ணிட்டான். அவளோட கொட்டகையைத்தான் முதல்ல பிரிச்சு முதல் லாரியில ஏத்தினோம். அவளை ஓட்டுநர் பக்கத்துல உட்கார வச்சோம், முன்னாடி பார்த்த மாதிரி."

"முன்னாடியே ஏன்?"

"பின்னால ஆலையெல்லாம் லாரியில ஏறி ஆடிக்கிட்டு வருதே, அவ திரும்பிப் பார்த்துட்டா?" பாபிகிர் காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ரெண்டு பக்கக் கண்ணாடியையும் கழட்டச் சொல்லிட்டேன். நாலு மணி நேரமும் திட்டிக்கிட்டே போனாளாம். நாப்பது ஆலையும் போய்ச் சேர்ந்துச்சு. ஒண்ணுகூட வழியில உடையல."